கூட்டம் நிற்கும் கோர்ஸில்தான் சேர்க்க வேண்டுமா?

பல்லடம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இந்த முறை. பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வீட்டில் எட்டு விசைத்தறி. ஜவுளிக்காரரிடம் பாவு நூல் வாங்கிக் கூலிக்கு ஓட்டுகிறார்கள். மகள் எட்டாம் வகுப்பு வரை ஊரிலுள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, அதற்கு மேல் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி, தமிழ் வழி. பிளஸ் டூவில் கணிதம் 96, இயற்பியல் 84, வேதியியல் 80. "அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல் படிக்கிறேன், அது போதும்" என்கிறாளாம். கோவையில் இருக்கும் தாய்மாமனுக்கு அது பிடிக்கவில்லை. "இப்ப எல்லாப் புள்ளைங்களும் ஏ.ஐ.தான் எடுக்குதுங்க, புள்ளியியலை யாரு சீண்டறா?" என்று சொல்லி, ஒரு ஏஜென்ட் மூலம் தனியார் பொறியியல் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் 'ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ்' இடம் பேசி வைத்திருக்கிறார். இடத்தைப் பிடித்து வைக்க இந்த வாரமே 25,000 ரூபாய். சேரும்போது 2 லட்சம். அப்புறம் வருடத்துக்கு ஒன்றரை லட்சம். அப்பா இரண்டு தறியை விற்கலாம் என்கிறார். மீதிக்கு நகை இருக்கிறது.

தாயின் கேள்வியை அவர் எழுதியபடியே தருகிறேன்: "எல்லாரும் எடுக்கிற படிப்பை எடுத்தால் வேலை இல்லாமல் போகாது என்கிறார் என் வீட்டுக்காரர். யாரும் எடுக்காத படிப்பை எடுத்து இவள் மட்டும் தனியாக நின்றுவிட்டால் என்ன செய்வது? ஆனால் இவளும் சாதாரணப் பிள்ளை இல்லை. தறிக் குடோனில் ஒரு நோட்டுப் போட்டு, எந்தத் தறியில் எத்தனை தடவை நூல் அறுகிறது என்று ஒரு மாதம் எழுதி, 'மூணாவது தறியைப் பாருங்கப்பா' என்று சொன்னவள். இந்தப் புத்திக்கு எந்தப் படிப்பு சரி?"

அந்த 25,000 ரூபாயைக் கட்டாதீர்கள்

சகோதரி, கோர்ஸ் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் பணம். மகள் அரசுப் பள்ளியில் படித்ததை நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரியில்தான் கண் நின்றது.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்களைத் தனியாக ஒதுக்கும் சட்டம் 2021-இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் எல்லாம் அதில் அடங்கும். மருத்துவத்துக்கு அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. கலந்தாய்வு வழியாகத் தனியார் சுயநிதிக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் அப்படித்தான். ஊராட்சி ஒன்றியப் பள்ளி அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். அரசு உதவி பெறும் பள்ளி வராது. உங்கள் மகளுக்குத் தகுதி இருக்கிறது.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இது கிடையாது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகைகூட ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வருகிறவர்களுக்குத்தான். அரசு கட்டத் தயாராக இருக்கிற பணத்தை நீங்கள் தறியை விற்றுக் கட்டப் போகிறீர்கள். சேரும்போது 2 லட்சம், நான்கு வருடத்துக்கு 6 லட்சம், ஆக 8 லட்சம்.

இன்னொன்று. 2017-இல் கட்டண நிர்ணயக் குழு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வைத்த வரம்பில், மேனேஜ்மென்ட் இடத்துக்கே ஆண்டுக் கட்டணம் 85,000 ரூபாய். தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவாக இருந்தால் 87,000. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதைத் தடை செய்ய 1992-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. அந்த 2 லட்சத்துக்குக் கல்லூரியின் பெயரில் ரசீது கிடைக்குமா என்று உங்கள் அண்ணனை விட்டு ஏஜென்டிடம் கேட்கச் சொல்லுங்கள். பதில் எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒருவேளை அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருந்தால், கலந்தாய்வுக்குள்ளேயே வராது. கட்டணக் கணக்கும் அங்கே வேறு.

மகளின் கட் ஆஃப் என்ன தெரியுமா? கணிதம் நூற்றுக்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. 96, 42, 40. ஆக 200-க்கு 178. பொதுப் பட்டியலில் இது சுமாரான இடம்தான். அரசுப் பள்ளி மாணவர்களின் தனிப் பட்டியலில் போட்டி குறைவு என்பதால், அங்கே இது நல்ல மதிப்பெண். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று இப்போதே சொன்னால் அது ஜோசியம். போன வருடங்களில் 7.5 சதவீதப் பட்டியலில் எந்த மதிப்பெண்ணோடு எந்த இடம் முடிந்தது என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

'எல்லாரும்' என்றால் யார்?

உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதில் தப்பில்லை. உழைத்துச் சம்பாதித்த காசு, பெண் பிள்ளையின் வாழ்க்கை. நாலு பேர் போகிற வழியில் போனால் விபத்து குறைவு என்று நினைப்பது இயல்பு. ஆனால் அவர் பார்க்கிற நாலு பேர் யார் என்று பார்க்க வேண்டும்.

மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. 2021-22-க்கான அறிக்கைப்படி, நாட்டில் இளநிலைப் படிப்பில் இருப்பவர்களில் அதிகம் பேர் கலைப் பாடங்களில்: 34.2 சதவீதம். அறிவியல் 14.8, வணிகவியல் 13.3. பொறியியலும் தொழில்நுட்பமும் சேர்ந்து 11.8 சதவீதம்தான். ஆக, 'எல்லாரும் எடுக்கிற படிப்பு' என்று தலையெண்ணிப் பார்த்தால் அது பி.ஏ.! உங்கள் அண்ணனிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்.

நம் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகளில் கேட்டுப் பாருங்கள். முதலில் தீர்ந்துபோகிற இடங்களில் பி.காம். நிச்சயம் இருக்கும், அதிலும் பி.காம். சி.ஏ., அதாவது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் சேர்ந்த பி.காம். காரணம் நம் ஊர்தான். திருப்பூரில் எந்த எக்ஸ்போர்ட் ஆபீஸுக்குப் போனாலும் கணக்கு எழுத, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய, ஷிப்பிங் பேப்பர் தயாரிக்க ஆள் வேண்டும். ஈரோட்டு ஜவுளி, நாமக்கல் முட்டை, கரூர் பெட்ஷீட், சங்ககிரி லாரி, எதை எடுத்தாலும் கணக்குப் பிள்ளை இல்லாமல் ஓடாது. இந்தப் பிள்ளைகள் சத்தமில்லாமல் படித்து, பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார்கள். இவர்களுக்கு யாரும் பேனர் கட்டுவதில்லை. அவிநாசி ரோட்டில் நீங்கள் பார்க்கிற பேனர் எல்லாம் பொறியியல் கல்லூரிகளுடையது. 'எல்லாரும்' என்ற கணக்கு பாதி அந்தப் பேனர்களிலிருந்து வருகிறது.

மீதிப் பாதி சொந்தக்காரர் கல்யாணத்தில் வருகிறது. "புள்ளைக்கு என்ன எடுத்திருக்கீங்க?" என்று பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்பார். ஏ.ஐ. என்றால் தலையாட்டுவார். புள்ளியியல் என்றால் "அப்படின்னா?" என்பார். இந்தக் கேள்வி நெருடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு 8 லட்சம் கொடுப்பது அதிகம்.

வரிசை நீள்வது எதனால்?

ஒரு பிரிவில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பது, எத்தனை பேர் ஆசைப்பட்டார்கள் என்பதை மட்டும் காட்டுவதில்லை. எத்தனை இடம் திறந்தார்கள் என்பதையும் காட்டுகிறது. கடந்த சில வருடங்களில் பல கல்லூரிகள் சிவில், மெக்கானிக்கல் இடங்களைக் குறைத்துக்கொண்டு, அதற்குப் பதில் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏ.ஐ., சைபர் செக்யூரிட்டி என்று புதிய செக்‌ஷன்களைத் திறந்தன. முன்பு ஒரு பிரிவில் இத்தனை இடத்துக்கு மேல் கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. தகுதியுள்ள கல்லூரிகளுக்கு அந்த வரம்பை, தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. 2024-25-லிருந்து எடுத்துவிட்டது. கடை பெரிதானால் கூட்டமும் பெரிதாகத் தெரியும். புள்ளியியலோ சில கல்லூரிகளில்தான் இருக்கிறது, அங்கேயும் பெரும்பாலும் ஒரே வகுப்புதான். ஆள் குறைவாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம், சேருகிற வருடத்துக்கும் வேலை தேடுகிற வருடத்துக்கும் நடுவில் நான்கு வருடம் இருக்கிறது. 2001 வாக்கில் அமெரிக்காவில் டாட்காம் கம்பெனிகள் கவிழ்ந்தபோது, அதுவரை அடித்துப் பிடித்து வாங்கிய கம்ப்யூட்டர் சயின்ஸ் இடத்தை வேண்டாம் என்று சொன்ன பெற்றோர் உண்டு. அப்படி வேண்டாம் என்ற வருடத்தில் துணிந்து சேர்ந்த பிள்ளைகள் நான்கு வருடம் கழித்து வெளியே வந்தபோது, ஐ.டி. கம்பெனிகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு வேலை கொடுத்தன. அதைப் பார்த்து மறுபடி வரிசை நீண்டது. 2008-இல் மறுபடி ஒரு சறுக்கல். அதற்குப் பிறகு சில வருடம் மெக்கானிக்கலுக்கும் சிவிலுக்கும் ஓடினார்கள். அந்த ஓட்டத்தில் சேர்ந்து, வெளியே வந்தபோது வேலை கிடைக்காமல் தவித்தவர்கள் நம் ஊர்களிலேயே எத்தனை பேர்! 2010-இல் மஞ்சள் விலை எகிறியதைப் பார்த்து நட்டுவிட்டு, அறுவடை முடிந்து ஈரோடு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனபோது விலை இறங்கிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் உங்கள் ஊரில் இருப்பார்கள். அவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஏ.ஐ. கவிழ்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் துறையில் வேலை இருக்கிறது, இருக்கும். நான்கு வருடம் கழித்து அதே பட்டத்தோடு எத்தனை பேர் வெளியே வருவார்கள், அவர்களில் எந்தக் கல்லூரிப் பிள்ளையை முதலில் கூப்பிடுவார்கள் என்பதுதான் உங்கள் மகளைத் தொடுகிற கேள்வி. அங்கே கோர்ஸின் பெயரைவிடக் கல்லூரி கனமாக நிற்கும். நல்ல ஆசிரியர்கள் இல்லாத கல்லூரியில் புதிதாகத் திறந்த ஏ.ஐ. பிரிவைவிட, கோவை ஜி.சி.டி. (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) போன்ற அரசுக் கல்லூரியின் எலெக்ட்ரானிக்ஸோ எலெக்ட்ரிக்கலோ மேல் என்பது என் துணிபு. ஐ.டி. கம்பெனிகள் அந்தப் பிரிவுப் பிள்ளைகளையும் எடுக்கத்தான் செய்கின்றன.

புள்ளியியல் என்ன தரும், என்ன தராது

இதில் உங்கள் அண்ணனுக்கு ஒரு சங்கதி சொல்ல வேண்டும். அவர் பேசி வைத்திருக்கிற ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸின் பாடத்திட்டத்தைத் திறந்தால் நிகழ்தகவும் புள்ளியியலும் உள்ளே உட்கார்ந்திருக்கும். அந்தப் படிப்பின் அடித்தளமே அதுதான். மருமகள் கேட்பது வேறு கிரகத்துப் படிப்பு இல்லை.

திருப்பூரில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் நடக்கிற இடத்தில் உங்கள் சொந்தக்காரர் யாராவது வேலை பார்த்தால் கேட்டுப் பாருங்கள். 3,000 டி-ஷர்ட் கொண்ட ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். மூவாயிரத்தையும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். ஏ.க்யூ.எல். (எவ்வளவு பழுது வரை ஏற்கலாம் என்ற தர வரம்பு) 2.5 என்று பையர் சொல்லியிருந்தால், வழக்கமான அட்டவணைப்படி 125 பீஸ் எடுப்பார்கள். ஏழு பீஸ் வரை பழுது என்றால் லாட் பாஸ். எட்டாவது பழுது வந்தால் ஃபெயில். ஏன் 125, ஏன் ஏழு? இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத் தளவாடங்களைச் சோதிக்க அமெரிக்காவில் புள்ளியியல்காரர்கள் உட்கார்ந்து போட்ட கணக்கின் வழிவந்தது அந்த அட்டவணை. தினமும் அதைப் பயன்படுத்துகிறவர்கள் நம் பக்கத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அது எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் குறைவு. நூல் அறுந்ததை நோட்டில் எழுதி மூன்றாவது தறியைக் காட்டிய பிள்ளைக்கு இந்தப் படிப்பு ஏன் பிடிக்கிறது என்று எனக்குப் புரிகிறது.

அரசு வேலை என்று பார்த்தால், புள்ளியியல் சார்நிலைப் பணியிடங்களுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு மூலம் ஆள் எடுக்கிறது. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணிக்குப் பட்டத்தில் புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்திருந்தால் போதும். குரூப் 1, குரூப் 2, வங்கித் தேர்வுகளுக்கு எந்தப் பட்டமானாலும் சரி. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் ஆபத்தையும் பிரீமியத்தையும் கணக்கிடுகிற ஆக்சுவரி என்ற வேலைக்கான தேர்வுகள் கடினம், முடித்தவர்களுக்கு மதிப்பு அதிகம். எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் தேர்வில் புள்ளியியலுக்குத் தனித் தாளே உண்டு. கம்ப்யூட்டர் பக்கம் போக ஆசை வந்தால் எம்.சி.ஏ. இப்போது இரண்டே வருடம்.

சங்கடங்களையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் முதல் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு வேலைக்கு ஆள் எடுக்க வருகிற கம்பெனிகள் கொஞ்சம்தான். எக்ஸெல், ஆர், பைத்தான் என்று மென்பொருள்களை அவளே தேடிக் கற்க வேண்டும். மேலே எம்.எஸ்சி. படிக்க வைக்க நீங்கள் தயாராக இருக்க வேண்டும். மூன்றாம் வருடம் முடிந்ததும் கல்யாணம் என்று வீட்டில் ஒரு திட்டம் இருந்தால், இந்தப் படிப்பின் பலன் பாதியில் நின்றுவிடும். தமிழ் வழியில் படித்தவள் என்பதால் முதல் வருடம் ஆங்கிலப் புத்தகம் படுத்தும். பொறியியலில் இது இன்னும் கடுமையாகவே இருக்கும், அதையும் சேர்த்து யோசியுங்கள்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக வேண்டும் என்ற எண்ணம் அவளுக்குள் இருந்தால், பி.எஸ்சி. கணிதம் எடுப்பதே நேர்வழி. ஆசிரியர் பணிக்குப் பட்டத்தின் பெயரைப் பார்ப்பார்கள். புதுப்புதுப் பெயர்களில் வருகிற பல பட்டங்களுக்கு 'இது அதற்கு இணையானது' என்ற அரசாணை இல்லாமல், பின்னால் நியமனத்தில் சிக்கியவர்கள் இருக்கிறார்கள். பெயரில் கவர்ச்சி கூடக்கூட இந்த ஒன்றைச் சரிபார்ப்பது அவசியம்.

வசதி இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2020-லிருந்து டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு ஒன்றை ஆன்லைனில் நடத்துகிறது. நுழைவுக்கு ஜே.இ.இ. தேவையில்லை, அவர்களே நான்கு வாரம் பாடம் நடத்தித் தகுதித் தேர்வு வைக்கிறார்கள். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. 2022-இல் அனுமதி கொடுத்துவிட்டது. புள்ளியியலோடு இதையும் சேர்த்துப் படிக்கலாம். ஆனால் முதல் நாளே இரண்டையும் தலையில் கட்டாதீர்கள். கல்லூரி பழகட்டும், ஆங்கிலம் பழகட்டும், அப்புறம் அவளே கேட்டால் பார்க்கலாம்.

உங்கள் மகளிடம் கேட்க வேண்டியது

ஒரு சந்தேகம் எனக்கு. அவள் புள்ளியியல் கேட்பது பிடித்துத்தானா, அல்லது வீட்டுக் கஷ்டம் தெரிந்து செலவில்லாத படிப்பைத் தேர்ந்தெடுத்தாளா? தறி ஓடுகிற வீட்டுப் பிள்ளைகள் இப்படிச் செய்வது சகஜம். கூலி எவ்வளவு வருகிறது, எந்த மாதம் பாவு வராமல் தறி நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். நாம் கேட்டால்தான் சொல்வார்கள், அதுவும் அப்பா முன்னால் சொல்ல மாட்டார்கள். அவள் தனியாக இருக்கும்போது நீங்கள் கேளுங்கள். "பொறியியலுக்கும் நமக்குப் பைசா செலவில்லை என்றால் அப்போதும் இதையேதான் எடுப்பாயா?" 7.5 சதவீத விஷயத்தை அவளிடம் முழுதாகச் சொன்ன பிறகு இதைக் கேட்க வேண்டும். ஆமாம் என்று சொன்னால், சரி, அவளை விட்டுவிடுங்கள். கொஞ்சம் யோசித்தாள் என்றால் கலந்தாய்வு முடியும்வரை இரண்டு கதவையும் திறந்து வையுங்கள்.

திறந்து வைப்பதில் சிரமம் ஒன்றும் இல்லை. அரசுக் கலைக் கல்லூரிச் சேர்க்கை முதலில் நடக்கும், பொறியியல் கலந்தாய்வு அதற்குப் பின்னால் வரும். இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். கலைக் கல்லூரியில் புள்ளியியலுக்கு நான்கு முக்கியப் பாடங்களின் மதிப்பெண்ணை 400-க்குக் கணக்கிட்டுத் தரவரிசை போடுவார்கள். இடம் கிடைத்தால் சேரட்டும். வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய்தான், பின்னால் விலக நேர்ந்தாலும் நஷ்டம் பெரிதில்லை.

பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை அவளே நிரப்பட்டும். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், வரிசைதான் முக்கியம். முதலில் எது கிடைத்தால் மனம் நிறையுமோ அது. நல்ல கல்லூரிகளின் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏ.ஐ. பிரிவுகளைத் தாராளமாக மேலே போடுங்கள், அவற்றின் மேல் எனக்குப் பகை இல்லை. அடுத்து அரசுக் கல்லூரிகளில் எலெக்ட்ரானிக்ஸ், எலெக்ட்ரிக்கல். கோவை, ஈரோடு, சேலம் மூன்று இடத்திலும் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அனுப்ப மனமில்லாத கல்லூரியைப் பட்டியலை நீட்டுவதற்காகப் போடாதீர்கள், அதுவே வந்து நிற்கும். டெக்ஸ்டைல் டெக்னாலஜி என்று ஒரு பிரிவு இருக்கிறது. தறியிலிருந்து பிள்ளையை வெளியே அனுப்பத்தான் படிக்க வைக்கிறேன் என்று உங்கள் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார் என்று தெரியும். அதற்கும் தறி ஓட்டுவதற்கும் சம்பந்தம் குறைவு, ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள்.

என் முடிவைக் கேட்டால் இதுதான். நல்ல கல்லூரியில், அரசுச் செலவில், அவளுக்குச் சம்மதமான பொறியியல் பிரிவு கிடைத்தால் எடுக்கலாம். கிடைக்காவிட்டால் புள்ளியியல், முழு மனதோடு. தறியை விற்று மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏ.ஐ. என்பது என் பட்டியலிலேயே இல்லை.

எதில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தடைபடாது. கல்லூரியில் சேர்ந்ததும் அங்கேயே பதிவு செய்வார்கள்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது, இரண்டு பள்ளிக்கும் போய் ஆறு முதல் எட்டு வரை, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்தாள் என்ற சான்றைத் தலைமையாசிரியரிடம் வாங்குவது. கூடவே இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றுக்கும் விண்ணப்பித்து வையுங்கள், 7.5 சதவீதத்தில் இடம் கிடைக்காமல் பொதுப் பட்டியலில் கிடைத்தால் அது கைகொடுக்கும். அந்த ஏஜென்டிடம் மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் எதையாவது 'சும்மா பார்க்க' என்று கொடுத்திருந்தால் உங்கள் அண்ணனோடு போய் உடனே திரும்ப வாங்கிவிடுங்கள். கலந்தாய்வில் பதிவேற்றவும், பிறகு கல்லூரியில் சேரும்போது காட்டவும் அசல் வேண்டும்.